நாலு சக்கரமும் தரையில்: எஸ்யூவியை அப்படியே கட்டி இழுக்கலாமா?

அமெரிக்காவில் பஸ் அளவு மோட்டார்ஹோமுக்குப் பின்னால் ஓர் எஸ்யூவி, ஓட்டுநரே இல்லாமல், நாலு சக்கரமும் உருள ஓடிவரும் வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். அதைப் பார்த்தவர்களுக்கு, செபராங் ஜெயா பக்கம் நெடுஞ்சாலையில் கார் நின்றுபோனால், “அண்ணன்கிட்ட ஹைலக்ஸ் இருக்கு, ஒரு கயிறு போதும்” என்றுதான் தோன்றும். கயிற்றை எடுப்பதற்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

சிக்கல் கயிற்றில் இல்லை, கியர்பாக்ஸில். பெரும்பாலான ஆட்டோ கார்களில் கியர் எண்ணெயைச் சுற்றவிடும் பம்ப்பை இயக்குவது என்ஜின். என்ஜின் நின்றால் பம்ப்பும் நின்றுவிடும். நியூட்ரலில் போட்டாலும், இயங்கு சக்கரங்கள் உருளும்வரை கியர்பாக்ஸுக்குள் சில பாகங்கள் சுழன்றுகொண்டேதான் இருக்கும். எண்ணெய் போய்ச் சேராமல் சுழன்றால் சூடேறும், தேயும். “பட்டர்வொர்த் வரைக்கும்தானே” என்று இழுத்துப்போன கார், பேட்டரி மாற்ற வேண்டிய இடத்தில் கியர்பாக்ஸ் மாற்ற வேண்டிய காராகிவிடலாம்.

அப்போ அமெரிக்காவில் மட்டும் எப்படி முடியுது? அங்கேயும் எல்லா காரிலும் முடியாது. ஜீப் ரேங்லரில் டிரான்ஸ்பர் கேஸ் என்ற பெட்டிக்குத் தனியாக ஒரு நியூட்ரல் உண்டு. அதில் போட்டால் சக்கரங்களுக்கும் கியர்பாக்ஸுக்கும் தொடர்பே அறுந்துவிடும். ஹோண்டா சிஆர்-வி இன்னும் சுவாரஸ்யம். அதன் பழைய ஆட்டோ கியர்பாக்ஸ், உள்ளமைப்பில் மேனுவலுக்கு நெருக்கமானது. அதனால் குறிப்பிட்ட முறைப்படி இழுக்க ஹோண்டாவே அனுமதித்தது. 2015 மாடலில் சிவிடி வந்தது, அனுமதி போய்விட்டது. பெயர் அதே, கார் வேறு!

நம்ம ஊர் கார்களிலும் இதே கதைதான். பெரோடுவா அதிவாவுக்கு முன் சக்கரங்கள் இயங்கும். முன்பக்கத்தைத் தூக்கி, பின் சக்கரங்களை உருளவிட்டு இழுக்கலாம். பெரோடுவா அருஸுக்கு இயங்குவது பின் சக்கரங்கள். அதையும் முன்னால் தூக்கி இழுத்தால் தப்பு. நாலு சக்கரமும் எப்போதும் இணைந்து இயங்கும் எஸ்யூவியில் எந்த இரண்டைத் தூக்கினாலும் நடுவிலுள்ள இணைப்பு அடிவாங்கும். புரோட்டோன் இ.மாஸ் 7 போன்ற மின்சாரக் கார்களில், சக்கரம் உருண்டால் மோட்டாரும் சுழன்று மின்சாரம் உண்டாக்கத் தொடங்கும். இந்த இரண்டு வகைக்கும், காரை முழுசாக மேலே ஏற்றிக்கொள்ளும் லாரிதான் சரி.

அதனால் இழுவை லாரிக்கு போன் போடும்போது “கார் நின்னுடுச்சு” என்று மட்டும் சொல்லாதீங்க. மாடல், ஆட்டோவா மேனுவலா, எந்தச் சக்கரம் இயங்குது, ஹேண்ட்பிரேக் மின்சாரப் பட்டனா என்பதையும் சொல்லுங்க. பேட்டரி செத்துப்போனால் பட்டன் பிரேக் விடுபடாது. சக்கரம் உருளவே உருளாது.

கொக்கி மாட்டும் வளையம் பெரும்பாலும் பூட்டில், ஜாக் இருக்கும் இடத்திலேயே கிடக்கும். பம்பரில் உள்ள சின்ன மூடியைத் திறந்து அங்கே திருக வேண்டும். இழுக்கலாம் என்றால் எத்தனை கிலோமீட்டர், என்ன வேகம் என்பது கார் கையேட்டில் இருக்கும்.

வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால், ஹசார்ட் விளக்கைப் போட்டுவிட்டு முதலில் எல்லாரும் தடுப்புக் கம்பிக்கு வெளியே போய் நில்லுங்க. பிளஸ் உதவி எண் 1800-88-0000. காப்புறுதி நிறுவனத்தின் உதவி எண்ணையும் இப்பவே போனில் சேமிச்சு வைங்க. எத்தனை கிலோமீட்டர் இலவசம் என்பது பாலிசிக்குப் பாலிசி மாறும்.