கன்னம் அழுந்தட்டும், நெற்றி வலிக்கக் கூடாது

மலேசியாவில் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் தலைக்கவசம் அணிய வேண்டும் என்ற விதி 1973இல் வந்தது. அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. இன்று ஹெல்மெட் இல்லாத வீடு அரிது. ஆனால் வீட்டில் இருப்பது வேறு, தலையில் இருப்பது வேறு, தலையோடு சேர்ந்து இருப்பது முற்றிலும் வேறு.

மலேசிய புத்ரா பல்கலைக்கழகத்தின் சாலைப் பாதுகாப்பு ஆய்வாளர் குழந்தையனும் அவருடைய சகாக்களும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்று இந்த வேறுபாட்டை எண்களில் காட்டியது. அவர்கள் ஆராய்ந்த 500 பேரில் ஹெல்மெட்டை முறையாக அணிந்தவர்கள் சுமார் 54 விழுக்காட்டினர். அணியாதவர்கள் 24 விழுக்காடு. மீதி 21 விழுக்காட்டினரின் தலையில் ஹெல்மெட் இருந்தது, ஆனால் முறையாக இல்லை. என்னை அதிகம் உறுத்துவது இந்தக் கடைசிப் பிரிவுதான். இவர்கள் ஹெல்மெட்டுக்குப் பணம் கொடுத்தவர்கள், அதன் பாரத்தையும் வியர்வையையும் சுமந்தவர்கள். விபத்து நேரத்தில் மட்டும் அது அவர்களுக்கு உதவாது. வார் பூட்டப்படாத ஹெல்மெட் முதல் அடியிலேயே கழன்று ஓடிவிடும். இரண்டாவது அடி வெறும் தலையில் விழும்.

ஏன் பூட்டுவதில்லை? அக்கறை இல்லை என்று சொல்லிவிடுவது எளிது. ஜோகூர் மாநிலத்தின் கூலாயில் நண்பகலில் ஒரு மணி நேரம் ஹெல்மெட் போட்டு ஓட்டிப் பார்த்தால் வேறு பதில் கிடைக்கும். தொண்டையை அறுக்கும் வார், நெற்றியை ஓரிடத்தில் குத்தும் உள்ளுறை, காது மடிந்து ஏற்படும் வலி, தலைமுடிக்குள் ஓடும் வியர்வை. உடம்பு தாங்காததைக் கை தளர்த்திவிடுகிறது. ஆகவே சௌகரியத்தை ஆடம்பரமாகக் கருதக் கூடாது என்பதே என் வாதம். சௌகரியமான ஹெல்மெட்டைத்தான் மனிதர்கள் பூட்டிக்கொள்வார்கள்.

கூலாய் இதைப் பேச ஏற்ற ஊர். நிலநடுக்கோட்டுக்கும் இந்த ஊருக்கும் இடையில் இரண்டு பாகைகூட இல்லை. ஜோகூர் பாருவுக்கு வடமேற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர். விடிவதற்குள் சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்பும் கப்சாய் எனும் சிறு மோட்டார் சைக்கிள்கள், செனாய் பக்கம் தொழிற்சாலை ஷிப்டுக்குப் போகிறவர்கள், செம்பனைத் தோட்டத்து மண்சாலையில் ஓடும் பழைய வண்டிகள் என்று இங்கே மோட்டார் சைக்கிள்தான் பலருடைய கால். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்குக் கட்டணம் இல்லாததால், சிறிய வண்டிகளும் பெரிய லோரிகளும் ஒரே சாலையைப் பகிர்ந்துகொள்கின்றன. நாடு முழுவதும் ஆண்டுக்கு 6,000 பேருக்கு மேல் சாலையில் இறக்கிறார்கள். பத்தில் ஆறு பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள்.

ஹெல்மெட் என்ன செய்கிறது என்பதை முதலில் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். வெளி ஓடுதான் காப்பாற்றுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஓட்டின் வேலை அடியைப் பரப்புவதும், கூரான பொருள் உள்ளே நுழையாமல் தடுப்பதும், தார்ச்சாலையில் உராய்வைத் தாங்குவதும். உயிர் காப்பது அதற்குள் இருக்கும் நுரை அடுக்கு. மீன்கடையில் ஐஸ் பெட்டியாகப் பார்க்கும் அதே வெள்ளைப் பொருள்தான், அடர்த்தி மட்டும் கணக்காக மாற்றப்பட்டது. அது நசுங்குவதற்காகவே செய்யப்பட்டது.

ஐநா விதி 22இன் ஐந்தாம் திருத்தத்தை ஒட்டி அமைந்தது மலேசியாவின் எம்எஸ் 1:2011 தரம். அந்த ஐநா விதியின் சோதனையில் ஹெல்மெட் விநாடிக்கு 7.5 மீட்டர் வேகத்தில் இரும்புப் பரப்பில் மோதுகிறது. ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். அந்த வேகத்தில் வரும் தலை 3 சென்டிமீட்டர் நுரையை நசுக்கிக்கொண்டு நின்றால் புவியீர்ப்பைப் போலச் சுமார் 95 மடங்கு முடுக்கம் ஏற்படும். அரை சென்டிமீட்டரில் நின்றால் 570 மடங்கைத் தாண்டும். விதி அனுமதிக்கும் உச்சம் 275. அந்த இரண்டரை சென்டிமீட்டர்தான் வித்தியாசம்.

‘தாமான் குடியிருப்புக்குள்ளேதான் போகிறேன், மெதுவாகத்தான் ஓட்டுகிறேன்’ என்கிறவர்களுக்கும் இதில் ஒரு கணக்கு உண்டு. வண்டியில் உட்கார்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நின்ற இடத்திலேயே சாய்ந்து விழுந்தாலும் தலை தரையைத் தொடும்போது மணிக்குக் கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். நாசி லெமாக் வாங்கப் போகும் பயணத்திலும் புவியீர்ப்பு குறைவதில்லை.

இனி அளவு. கடைக்குப் போனால் எம், எல், எக்ஸ்எல் என்று கேட்டு, தலையில் ஏறினால் வாங்கிவிடுகிறோம். எழுத்து சொல்வது சுற்றளவை மட்டும். புருவத்துக்கு ஒரு விரல் மேலே, பின்மண்டையின் மிகப் புடைத்த இடத்தைத் தொட்டு டேப் சுற்றினால் வரும் எண் அது. ஆனால் ஒரே 58 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள இரண்டு தலைகளில் ஒன்று முன்பின்னாக நீண்டிருக்கலாம், மற்றொன்று வட்டமாக இருக்கலாம். ஹாங்காங்கில் ரோஜர் பால் என்ற வடிவமைப்பாளர் சீனர்களின் தலைகளை முப்பரிமாணத்தில் அளந்து, ஐரோப்பியத் தலைகளோடு ஒப்பிட்டு 2010இல் வெளியிட்டார். சீனர்களின் தலை சராசரியாக இன்னும் வட்டமாகவும், நெற்றியும் பின்மண்டையும் தட்டையாகவும் இருந்தன. ஒரு நாட்டவருக்காக வடித்த அச்சு எல்லோருக்கும் பொருந்தாது என்பது அப்போது தெளிவானது. மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் ஒரே கடையில் ஒரே அலமாரியிலிருந்து எடுக்கும் ஊரில் இது சிறிய விஷயமல்ல. இனத்துக்குள்ளேயே ஆளுக்கு ஆள் வேறுபாடு பெரிது என்பதால் ‘நம்மாளுக்கு இந்த பிராண்ட்’ என்ற பேச்சை நம்பாதீர்கள். உங்கள் தலையை நம்புங்கள்.

நெற்றியின் நடுவில் மட்டும் அழுத்தி, நெற்றிப் பொட்டுப் பக்கத்தில் இடைவெளி இருந்தால், ஹெல்மெட் உங்கள் தலைக்கு மிக வட்டமாக இருக்கிறது. இரண்டு பொட்டுகளும் வலித்து, நெற்றியில் இடம் இருந்தால் மிக நீளம். இரண்டுக்கும் பெரிய அளவு தீர்வல்ல. வேறு மாடல்தான் தீர்வு. பெரிய அளவை எடுத்தால் வலி போகும், கூடவே பிடிப்பும் போகும்.

கடையில் குறைந்தது பதினைந்து நிமிடம் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. ஐந்து நிமிடத்தில் தெரியாத வலி பத்தாவது நிமிடத்தில் நெற்றிப் புள்ளியாகத் தெரியும். கழற்றிய பிறகு கண்ணாடியில் பாருங்கள்: சிவந்த தடம் நெற்றி முழுவதும் பரவியிருந்தால் நல்லது, ஓரிடத்தில் மட்டும் இருந்தால் திருப்பிக் கொடுங்கள். கன்னத் திண்டுகள் புதிதில் அழுத்தமாகத்தான் இருக்க வேண்டும். பேசும்போது கன்னத்தின் உட்புறத்தைப் பல் லேசாகத் தொட்டால்கூடத் தவறில்லை. சில வாரங்களில் பஞ்சு பழகிவிடும். நுரை அடுக்கு பழகாது. அடுத்து, வாரைப் பூட்டிக்கொண்டு பின்புற விளிம்பைப் பிடித்து முன்னோக்கித் தள்ளும்படி ஒருவரிடம் சொல்லுங்கள். கண்ணை மறைத்து முன்னால் சரிந்து வந்துவிட்டால், விபத்திலும் அப்படியே வரும். தரச்சான்று தரும் சிரிம் அமைப்பின் முத்திரை ஒட்டியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் பிரபல பிராண்டின் பெயரோடு மலிவாகக் கிடைப்பதன் உள்ளே என்ன நுரை இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது.

வாயை மூடும் முழுமுக வகையா, திறந்த வகையா? ஜெர்மனியில் டீட்மார் ஓட்டே விபத்துக்குள்ளான ஹெல்மெட்டுகளில் அடி பட்ட இடங்களைக் குறித்தார். மூன்றில் ஒன்று முகவாய்ப் பகுதியில் இருந்தது. திறந்த ஹெல்மெட்டில் அந்த இடத்தில் எதுவுமே இல்லை. நெடுஞ்சாலையில் தினமும் ஜோகூர் பாரு வரை போகிறவர் முழுமுக ஹெல்மெட்டுக்குக் காசு சேர்ப்பது நியாயம் என்றே சொல்வேன். ஊருக்குள் மட்டும் ஓடுகிறவர் முழுமுகத்தின் புழுக்கத்தால் அதைக் கைப்பிடியில் தொங்கவிடுவார் என்றால், நன்றாகப் பூட்டிய திறந்த ஹெல்மெட் மேல்.

புழுக்கத்துக்கு வருவோம். ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது உடலிலிருந்து சுமார் 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஆவியாக வேண்டும், அதுதான் நிபந்தனை. ஈரப்பதம் நிறைந்த கூலாய் காற்றில் வியர்வை வழிகிறதே தவிர எளிதில் காய்வதில்லை. ஹெல்மெட்டுக்குள் காற்றோட்டமும் இல்லையென்றால் நிலைமை இன்னும் மோசம். சுவிட்சர்லாந்தின் எம்பா ஆய்வகத்தில் சூடேற்றிய செயற்கைத் தலைக்கு விதவிதமான முழுமுக ஹெல்மெட்டுகளை மாட்டி, காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தார்கள். முகப்பகுதியில் வெப்பம் ஓரளவு வெளியேறியது. உச்சந்தலைப் பகுதியில் மிகக் குறைவாகவே வெளியேறியது. மேலே இருக்கும் காற்றுத் துளைகளைத் திறப்பதால் கிடைத்த பலன் பெரும்பாலும் சொற்பம். விளம்பரத்தில் பத்துத் துளைகளை எண்ணிக் காட்டுவதைப் பார்த்து மயங்க வேண்டாம். முகக் கண்ணாடியை ஒரு பல் அளவு திறந்து வைக்க முடிகிறதா, உள்ளுறையைக் கழற்றித் துவைக்க முடிகிறதா என்பவைதான் இந்த வெயிலுக்கு முக்கியம். வெள்ளை ஹெல்மெட் வெயிலில் குறைவாகச் சூடாகும். அதற்கு இன்னொரு பயனும் உண்டு. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், கறுப்பு ஹெல்மெட் அணிந்தவர்களைவிட வெள்ளை அணிந்தவர்களுக்கு விபத்துக் காய அபாயம் 24 விழுக்காடு குறைவாக இருந்தது. ஒளிரும் அல்லது ஒளி திருப்பும் உடை அணிந்தவர்களுக்கு 37 விழுக்காடு குறைவு.

அதிகாலையில் வேறு தொல்லை: கண்ணாடியில் மூச்சு படிவது. 34 பாகை வெப்பத்தில் வெளிவரும் மூச்சு கனமீட்டருக்கு 37 கிராம் வரை நீராவியைத் தாங்கும். 24 பாகையில் குளிர்ந்திருக்கும் கண்ணாடியைத் தொட்டதும் 22 கிராமுக்கு மேல் தாங்க முடியாமல் மீதியைத் துளிகளாக விட்டுவிடுகிறது. மழையில் ஓட்டும்போதும் இதேதான். மூச்சைக் கீழே திருப்பும் மூக்கு மறைப்பும், கண்ணாடியின் உட்புறம் ஒட்டும் இரண்டாவது மெல்லிய தகடும் இதைப் பெருமளவு தடுக்கும். இருட்டுக் கண்ணாடி பகலுக்கு நன்றாக இருக்கலாம். விடியற்காலையில் கிளம்புகிறவருக்கு அது ஆபத்து.

உடைக்கு வந்தால், மலேசியச் சாலையின் தனி அடையாளம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஜாக்கெட்டை முன்பின்னாகத் திருப்பி, முதுகைத் திறந்து விட்டு ஓட்டுவது. வெளியூர்க்காரர்கள் வியப்பார்கள். எனக்கோ இதில் அனுபவ அறிவு தெரிகிறது. நெஞ்சில் அறையும் காற்றும் தூசியும் மழைத்துளியும் தடுக்கப்படுகின்றன, கையில் வெயில் படுவதில்லை, முதுகு வழியாக வெப்பம் வெளியேறுகிறது, இறங்கியதும் ஒரே இழுப்பில் கழற்றிவிடலாம். கனமான குளிர்நாட்டு ஜாக்கெட் எதுவும் இந்தச் சௌகரியத்தைத் தராது. குறை ஒன்றுதான், அது பெரிய குறை: அந்த மெல்லிய பாலியெஸ்டர் துணி தார்ச்சாலையில் சறுக்கும்போது நொடியில் கிழியும், உருகித் தோலோடு ஒட்டவும் செய்யும். முதுகில் அதுவும் இல்லை.

விபத்தில் சிக்கிய 212 மோட்டார் சைக்கிளோட்டிகளை ஆஸ்திரேலியாவில் லிஸ் டி ரோம் ஆராய்ந்து 2011இல் வெளியிட்டார். பாதுகாப்பு ஜாக்கெட், கால்சட்டை, கையுறை அணிந்தவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்படுவது கணிசமாகக் குறைந்திருந்தது. அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: அந்த உடைகளில் கால்வாசிக்கு மேல் விபத்தில் கிழிந்தோ தேய்ந்தோ தோற்றுப்போயின. விலை உயர்ந்த பெயர் போதாது என்பதால் 2018இல் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் மோட்டோகேப் என்ற மதிப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கின. அங்கே ஒவ்வோர் உடைக்கும் இரண்டு மதிப்பெண்கள்: காக்கும் திறனுக்கு ஒன்று, வியர்வையை வெளியேற்றும் திறனுக்கு மற்றொன்று. வெப்பம் ஓட்டுநரின் கவனத்தைக் குலைக்கும், உடையைக் கழற்ற வைக்கும் என்பதை அதிகாரபூர்வமாக ஏற்ற திட்டம் இது. முடிவுகளை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். இங்கே ஆன்லைனில் ஜாக்கெட் வாங்குகிறவரும் பார்க்கலாம்.

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் வாங்க முடியாது என்றால், ஹெல்மெட்டுக்கு அடுத்து கையுறையை வாங்குங்கள். விழும்போது எல்லோரும் கையைத்தான் ஊன்றுகிறோம். பிறகு கணுக்காலை மூடும் சப்பாத்து. சிலிப்பரோடு நெடுஞ்சாலை ஏறுவதை நிறுத்தினாலே பாதி வேலை முடிந்தது.

எஞ்சியிருப்பது அந்தத் திருப்பிப் போடும் ஜாக்கெட். நெசவுக்கும் தையல் ஆலைகளுக்கும் பேர்போன பத்து பஹாட் இதே ஜோகூரில்தான் இருக்கிறது. பின்புறம் திறக்கும்படி, முதுகில் உறுதியான வலைத்துணி, தோளிலும் முழங்கையிலும் உராய்வைத் தாங்கும் துணியும் அதிர்வைத் தாங்கும் திண்டும், கையில் ஒளி திருப்பும் பட்டை என்று ஒரு ஜாக்கெட்டை அங்கே தைக்க முடியாதா? கப்சாய் ஓட்டுகிறவர் ஏற்கெனவே தன் வடிவமைப்பைத் தெரிவு செய்துவிட்டார். அவரை மாற்றச் சொல்லாமல், அவர் அணியும் விதத்திலேயே அவரைக் காக்கும் துணியை எந்த ஆலையாவது கொடுத்தால் போதும்.