நாட்பட்ட குடலழற்சியும் புற்றுநோய்க் கண்காணிப்பும்

பெருங்குடலின் உட்பரப்பில் புண்கள் தோன்றி, இரத்தமும் சளியும் கலந்த பேதியை உண்டாக்கிப் பல்லாண்டுகள் நீடிக்கும் நோய் ஒன்று உண்டு. மருத்துவர்கள் இதனை 'அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்' என்பர். நாம் பெருங்குடற்புண் அழற்சி எனலாம். இது மேனாட்டாருக்கே உரிய நோய் என ஒரு காலத்தில் கருதப்பட்டது. ஆனால் 1999-இல் பஞ்சாபில் ஏறத்தாழ 52,000 மக்களை ஆராய்ந்தபோது 23 பேரிடம் இந்நோய் காணப்பட்டது. அஃதாவது இலட்சம் பேருக்குச் சுமார் 44 பேர்.

இந்நோய் தணிவதும் மீண்டும் கிளர்வதுமாக இருக்கும். தணிந்த காலத்தில் நோயாளி நன்றாக உண்பார், வேலைக்குச் செல்வார், நோயையே மறந்துவிடுவார். அபாயம் இம்மறதியிலேதான் இருக்கிறது. அழற்சியால் அழிந்த உட்படலம் மறுபடி மறுபடி புதிதாக வளர வேண்டியிருப்பதால், பெருகும் உயிரணுக்களில் பிழைகள் சேர்ந்துகொண்டே போகின்றன. சிலருக்கு அவை புற்றுநோயாக முடிகின்றன. இத்தொடர்பை 1925-லேயே கிரோன், ரோசன்பர்க் என்னும் அமெரிக்க மருத்துவர்கள் எடுத்துரைத்தனர். பல ஆய்வுகளைத் தொகுத்து 2001-இல் வெளியான கணக்கின்படி, நோய் தொடங்கி 10 ஆண்டுகளில் நூற்றுக்கு 2 பேருக்கும், 20 ஆண்டுகளில் 8 பேருக்கும், 30 ஆண்டுகளில் 18 பேருக்கும் புற்றுநோய் நேரக்கூடும். பிற்கால ஆய்வுகள் பல இதனினும் குறைவான அளவையே காட்டியுள்ளன. ஆகவே நோயாளியை அச்சுறுத்த வேண்டுவதில்லை. அறியாமல் விட்டுவிடுவதும் தகாது.

சாதாரணக் குடற்புற்று பெரும்பாலும் கண்ணுக்குப் புலனாகும் சிறு முளையாகத் தொடங்கும். அழற்சியுற்ற குடலிலோ அது தட்டையான பரப்பிலேயே மறைந்து வளரக்கூடும். புற்றுக்கு முந்திய இந்த மாறுதலைச் சிறு திசுத்துணுக்குகளில் கண்டறியலாம் என்பதை 1967-இல் இலண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த மோர்சனும் பாங்கும் காட்டினர். இக்காலத்தில் 'கொலனோஸ்கோப்' என்னும் வளையும் குழாயைச் செலுத்தி, குடற்சுவரில் சாயம் தெளித்து ஆராய்கின்றனர். அச்சாயங்களுள் ஒன்று, நம் நாட்டவர் நன்கறிந்த அவுரி நீலத்திலிருந்து பெறப்படும் இண்டிகோ கார்மைன். தட்டையான மாறுதல்களின் விளிம்பை அது தெளிவாக எடுத்துக்காட்டும்.

'ஸ்கிரீனிங்' என்னும் சொல்லுக்குச் 'சலித்தெடுத்தல்' என எழுதுவாரும் உளர். ஒரே மனிதரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்துவரும் இப்பணிக்குக் 'கண்காணிப்பு' என்பதே பொருந்தும்.

பொதுவாக, முதல் நோய்க்குறி தோன்றி 8 ஆண்டுகள் ஆனதும் இச்சோதனை தொடங்கப்பெறும். பின்னர் அபாயத்தின் அளவுக்கேற்ப ஓராண்டு முதல் ஐந்தாண்டுக்கு ஒரு முறை நிகழும். மலக்குடலில் மட்டும் நோய் உள்ளவருக்கு இக்கண்காணிப்பு பெரும்பாலும் தேவைப்படாது. பித்தநாளங்கள் தடித்துச் சுருங்கும் நோயும் உடன் உள்ளவரோ 8 ஆண்டுகள் காத்திராமல் உடனே தொடங்கி ஆண்டுதோறும் செய்துகொள்ள வேண்டும். நோய் தணிந்திருக்கும் காலமே சோதனைக்கு உகந்தது; கிளர்ந்திருக்கும்போது அழற்சியின் மாறுதலையும் புற்றின் முன்மாறுதலையும் பிரித்தறிவது கடினம். "நலமாயிருக்கும்போது சோதனை எதற்கு?" என்று கேட்பவருக்கு, நலமாயிருப்பதால்தான் என்று விடை கூறலாம்.

கணக்கிடுவதில் இடர்ப்பாடு ஒன்று உண்டு. முதன்முதல் தோன்றிய இரத்தப்போக்கை மூலம் என்றோ சீதபேதி என்றோ எண்ணிப் பலர் ஆண்டுகள் சிலவற்றைக் கழித்துவிடுகின்றனர். மருத்துவச் சீட்டில் இருப்பது நோய் கண்டறியப்பட்ட ஆண்டே. 8 ஆண்டுகளை எண்ண வேண்டியதோ நோய் தொடங்கிய ஆண்டிலிருந்து. களப்பணியாளர் இதனை விசாரிக்கும்போது, "எந்த ஆண்டு?" என்று மட்டும் கேட்டால் விடை கிடைப்பதரிது. "மூத்த பிள்ளை பிறப்பதற்கு முன்பா, பின்பா?" என்று கேட்டால் பெரும்பாலும் கிடைத்துவிடும். அதனைச் சீட்டிலேயே குறித்துவைத்தல் நன்று.

சோதனையில் பலர் வெறுப்பது முந்திய நாள் பேதிமருந்து உட்கொள்வதையே. அதனை அரைகுறையாகச் செய்தால் குடல் சுத்தமாகாது. சோதனையை மீண்டும் செய்ய நேரும். மாறுதல் காணப்பட்டால் குடல் முழுவதையும் எடுத்துவிடுவர் என்ற அச்சமும் சிலரைத் தடுக்கிறது. தெளிவான எல்லையுடைய மாறுதலை இன்று பல வேளைகளில் குழாய் வழியாகவே அகற்றிவிடுகின்றனர். அறுவை தேவைப்படுவோரும் உண்டு என்பதை மறைக்கலாகாது.

ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. இந்நோய் பள்ளிப் பருவத்திலும் தோன்றும். 15 வயதில் நோயுற்ற மாணவருக்கு 23 வயதில் கண்காணிப்பு தொடங்க வேண்டும். அப்போது அவர் வேலையை நாடி வேற்றூரில் இருக்கக்கூடும். நாள் எண்ணிவந்த தாய் உடனிருக்க மாட்டார். நோய் தொடங்கிய ஆண்டு, குடலில் அது பரவிய அளவு, அடுத்த சோதனை நிகழவேண்டிய ஆண்டு ஆகிய மூன்றையும் அவர் தம் கைப்படவே எழுதி, பள்ளிச் சான்றிதழ்களோடு வைத்துக்கொள்ளுமாறு செய்யலாம்.