ஆப்கானியரின் தாளக் கற்கள்

இசைக்கருவி ஆக்குவதற்குத் தோலையும் நரம்பையும் மூங்கிலையும் உலோகத்தையும் நாடிய மனிதன், காலடியிற் கிடந்த கல்லையும் விட்டுவைத்தானில்லை. வட ஆப்கானிஸ்தானத்தில் மரபாக வழங்கிய ‘கைராக்’ என்னும் தாளக்கருவி இதற்குத் தக்க சான்றாகும்.

கைராக் என்பது துருக்கிய இன மொழிகளுக்குரிய சொல். கத்தி தீட்டும் சாணைக்கல்லையும் அது குறிக்கும். கருவியின் அமைப்போ மிக எளிது. தட்டையாய் நீண்ட கற்கள் நான்கு, கைக்கு இரண்டு. ஒரு கல்லைப் பெருவிரலாலும் மற்றதை ஏனைய விரல்களாலும் பற்றிக்கொண்டு, கையை அசைத்து ஒன்றோடொன்று மோதச் செய்வர்.

தோலோ தந்தியோ இன்றித் தன் உடலே அதிர்ந்து ஒலிப்பதனால், இது கஞ்சக்கருவி வகையைச் சாரும். கஞ்சம் என்பது வெண்கலமாயினும், அவ்வகுப்பிலே கல்லுக்கும் இடமுண்டு. செறிந்த கல் கணீரென ஒலிக்கும். வெடிப்புள்ள கல் மந்தமாய் ஒலிக்கும். இறுகப் பிடித்தால் அதிர்வு அடங்கிவிடும். நெகிழப் பிடித்தாலே நாதம் பிறக்கும். ஆகவே, கல்லைத் தெரிவது பாதி வித்தை; பிடிக்கும் பக்குவம் மீதி வித்தை.

அமுதாரியா நதிக்கு அப்பாலுள்ள உஸ்பெக்கியரும் தாஜிக்கியரும் இக்கருவியை அறிவர். யுனெஸ்கோ நிறுவனம் 2019ஆம் ஆண்டில் மானிட மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்த குவாரசம் நாட்டு ‘லஸ்கி’ நடனத்தில், ஆடுவோர் கைராக்கைத் தாமே ஒலித்து ஆடும் வகையும் ஒன்றுண்டு.

ஆப்கானிஸ்தானத்திலோ இசைக்கு நேர்ந்த கதி வேறு. 1996 முதல் 2001 வரை ஆண்ட தலிபான்கள் இசைக்கருவிகளைத் தடை செய்தனர். 2021இல் மீண்டும் ஆட்சியைக் கைப்பற்றியபின் இசையை மறுபடியும் ஒடுக்கினர். 2023 யூலையில் மேற்கேயுள்ள ஹெராத்தில் கிட்டார், ஹார்மோனியம், தபேலா முதலியன தீக்கிரையாக்கப்பட்டன.

கல்லைத் தீ எரிக்காது. கீழே போட்டுவிட்டால், அது கருவியென்று காண்பவர் அறியவும் மாட்டார். எனினும், அதனாற் கைராக் பிழைத்துவிடும் என எண்ணுதல் தவறு. தாளம் கல்லில் உறைவதன்று. மூத்தோர் கையைப் பார்த்து இளையோர் கை பழகும் பழக்கத்திலேயே அது வாழ்கிறது. ஒரு தலைமுறை அதைக் காணாதும் கேளாதும் வளருமாயின், கருவி மீண்டும் வெறுங் கல்லாகிவிடும். மரபுக்கலை எதற்கும் உள்ள பேரிடர் இதுவே.