இணையக் குற்றம்: தடயம் கிடைக்கிறது, ஆள் கிடைக்கிறாரா?

தெருவில் வழிப்பறி செய்பவன் முகத்தை மூடிக்கொண்டு வருகிறான். இணையத்தில் வழிப்பறி செய்பவனோ முகத்தைக் காட்டுவதே இல்லை. அவனை எங்கே பிடிப்பது என்று எண்ணி, பணத்தைப் பறிகொடுத்த பின்னும் காவல் நிலையத்துக்குப் போகாமல் இருந்துவிடுவோர் பலர். இணையத்தில் செய்யும் செயல்கள் பெரும்பாலும் எங்கோ ஒரு பதிவை விட்டுச் செல்கின்றன. அந்தப் பதிவிலிருந்து ஆளைக் கண்டறிந்து, நீதிமன்றத்தில் குற்றத்தை மெய்ப்பிப்பதுதான் கடினம்.

முதலில் சட்டம் இருக்க வேண்டும். 2000ஆம் ஆண்டு மே மாதம் ‘ஐ லவ் யூ’ என்ற தலைப்பிட்ட மின்னஞ்சல் வழி ஒரு வைரஸ் உலகெங்கும் பரவியது. தடயம் பிலிப்பைன்ஸ் நாட்டுக்கு இட்டுச் சென்றது. சந்தேகத்துக்குரிய இளைஞரும் அடையாளம் காணப்பட்டார். ஆயினும் அச்செயலைத் தண்டிக்கும் சட்டம் அங்கு அப்போது இல்லை. ஜூன் மாதம் புதிய சட்டம் வந்தது. ஆனால் முன்பே நடந்துவிட்ட செயலுக்கு அதைப் பயன்படுத்த இயலாமல் வழக்கு கைவிடப்பட்டது.

மலேசியா 1997ஆம் ஆண்டிலேயே கணினிக் குற்றச் சட்டத்தை இயற்றியது. அது 2000 ஜூன் 1ஆம் தேதி அமலுக்கு வந்தது. அனுமதியின்றிப் பிறர் கணினிக்குள் நுழைந்தால் 50,000 வெள்ளி வரை அபராதம் அல்லது ஐந்தாண்டு வரை சிறை அல்லது இரண்டும் என அச்சட்டம் விதித்தது. குற்றவாளி வேறு நாட்டில் இருந்தாலும், தாக்கப்பட்ட கணினி மலேசியாவில் இருந்தால் சட்டம் பொருந்தும் என்றும் வகுத்தது. ஏமாற்றிப் பணம் பறிப்போர் மீது தண்டனைச் சட்டத்தின் 420ஆம் பிரிவு பாய்கிறது. பத்தாண்டு வரை சிறையும் பிரம்படியும் அதில் உண்டு.

அடுத்தது புலனாய்வு. இணையத்தில் நுழையும் ஒவ்வோர் இணைப்புக்கும் ஓர் ஐபி எண் உண்டு. குறிப்பிட்ட நேரத்தில் அந்த எண்ணை யாருக்கு வழங்கியிருந்தது என்பதை இணையச் சேவை நிறுவனம் சொல்ல முடியும். ஆனால் அந்தப் பதிவுகள் என்றென்றும் வைத்திருக்கப்படுவதில்லை. மேலும், அந்த எண் ஒரு வீட்டையோ உணவகத்தையோ காட்டுமே தவிர, விசைப்பலகையைத் தட்டிய விரலைக் காட்டாது. அதற்குக் கைப்பற்றிய கணினியையும் கைத்தொலைபேசியையும் ஆராய வேண்டும்.

அங்கும் கவனம் தேவை. மூலக் கருவியில் கைவைக்காமல், அதன் முழு நகலை எடுத்தே நிபுணர்கள் ஆராய்கின்றனர். நகலும் மூலமும் ஒன்றே என்பதைக் காட்ட, கைரேகை போன்ற ஓர் எண்ணைக் கணக்கிட்டு வைக்கின்றனர். ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும். கணினி அச்சிட்ட ஆவணங்களை நீதிமன்றம் ஏற்க, 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 90ஏ பிரிவு வழிசெய்கிறது.

பணமோ நிமிடங்களில் கணக்கு விட்டுக் கணக்குத் தாவுகிறது. வெளிநாட்டுத் தகவல் வேண்டுமென்றால், குற்றவியல் விவகாரங்களில் பரஸ்பர உதவி குறித்த 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அந்நாட்டிடம் முறையாகக் கோர வேண்டும். அதற்கு நாளாகும்.

ஆகவே முதலில் அகப்படுபவர் பெரும்பாலும் கும்பலின் தலைவன் அல்லர். பணம் போய்ச் சேர்ந்த வங்கிக் கணக்கின் உரிமையாளரே அகப்படுகிறார். ‘அக்காவுன் கெல்டாய்’, அதாவது கழுதைக் கணக்கு என்று இதைச் சொல்கின்றனர். சில நூறு வெள்ளிக்காக ஏடிஎம் அட்டையையும் ரகசிய எண்ணையும் கொடுத்துவிட்டு, "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று நீதிமன்றத்தில் கைகட்டி நிற்பவர்களில் இளைஞர்களும் இருக்கின்றனர். 2024 அக்டோபர் 31ஆம் தேதி அமலுக்கு வந்த தண்டனைச் சட்டத் திருத்தம், சட்டபூர்வக் காரணமின்றிக் கணக்கைப் பிறர் கையில் ஒப்படைப்பதையே தனிக் குற்றமாக்கியுள்ளது. இணையப் பதிவுகளுக்கும் இது போன்றதொரு விதி உண்டு. 2012இல் சேர்க்கப்பட்ட சாட்சியச் சட்டத்தின் 114ஏ பிரிவின்படி, யாருடைய பெயரில் இணைய இணைப்பு பதிவாகியிருக்கிறதோ, அவரே அதன்வழி வெளியானதை வெளியிட்டவர் எனக் கருதப்படுவார். இல்லை என்று மெய்ப்பிப்பது அவர் பொறுப்பு.

பணத்தை இழந்தவர் செய்ய வேண்டியது மூன்று. உடனே வங்கிக்கோ, 2022இல் அமைக்கப்பட்ட தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணுக்கோ அழைக்க வேண்டும். வெட்கப்பட்டுக் குறுஞ்செய்திகளை அழித்துவிடக் கூடாது, அவைதான் சாட்சி. பிறகு காவல் நிலையத்தில் புகார் செய்ய வேண்டும்.

பிள்ளைகளிடம் பெற்றோர் சொல்ல வேண்டியதும் ஒன்று உண்டு. நண்பன் கேட்டாலும் வங்கி அட்டையையும் சிம் அட்டையையும் இரவல் தராதே. பணத்தை எடுத்தவன் எந்த நாட்டில் இருந்தாலும், வழக்குப் பதிவாவது அட்டையில் உள்ள பெயரின் மீதுதான்.