பெருச்சாளி கையில ஒரு நெம்புகோல்

திருவட்டாறு பக்கம் மரச்சீனி போட்டவங்ககிட்ட பேசிப் பாருங்க, பெருச்சாளிக்கு ஒரு திட்டு நிச்சயம். மண்ணுக்கடியிலேயே போய் கிழங்கைக் கரண்டிடும். அந்த பலம் எங்கிருந்து வருது?

உங்க முழங்கையைத் தொடுங்க. பின்னால துருத்துற எலும்பு நுனியைத்தான் ட்ரைசெப்ஸ் தசை இழுக்குது. மூட்டு, சுழலும் மையம். மூட்டிலிருந்து அந்த நுனி 1 செ.மீ., நகம் 4 செ.மீ. தூரம்னு வைப்போம். தசை 40 நியூட்டன் இழுத்தால் நகத்துக்குக் கிடைப்பது 10. நுனி 2 செ.மீ. ஆனால் 20! ஆனா கை வீசும் வேகம் பாதியாகிடும். (முதல் வருஷ மெக்கானிக்ஸ்தான், தூங்கினவங்களுக்காக.)

தோண்டிப் பிழைக்கிற விலங்குகளுக்குப் பொதுவா அந்த நுனி நீளம், முன்கை குட்டை. கறையான் புற்றை உடைக்கிற அலுங்கும் இப்படித்தான். ஓடிப் பிழைக்கிற நம்மூர் காட்டு முயலுக்கோ நீண்டு மெலிந்த கை. அது வளையே தோண்டுறதில்லை, புல்லுக்குள்ள பதுங்கிக்கும்.