வெண்புடவையும் வெண்கலக் குரலும்

எங்கள் சின்னமனூர் உட்படக் கம்பம் பள்ளத்தாக்கிலே திருவிழா என்றால், விடிய விடிய நடக்கும் வள்ளி திருமணம் நினைவுக்கு வராதவர் அபூர்வம். ‘ஸ்பெஷல் நாடகம்’ என்று இவ்வகைக்குப் பெயர். நடிகர்கள் ஆளுக்கோர் ஊரிலிருந்து வந்து, கூடி ஒத்திகை பாராமலே மேடையேறுவார்கள். வேலனும் வள்ளியும் பாட்டாலேயே தர்க்கம் புரிவார்கள். எவருடைய சாரீரம் சளைக்கிறதோ அவர் தோற்றார். ஒலிபெருக்கி வராத காலத்தில் இந்த மேடையில் நின்று, கடைசியில் தரையில் அமர்ந்திருப்பவன் காதிலும் ஒவ்வோர் எழுத்தும் விழும்படி பாடியவர் கொடுமுடி சுந்தராம்பாள்.

1908-இல் காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் பிறந்தார். பிறந்த வீட்டில் வறுமை. ரயிலில் பாடிக் காசு பெற்ற சிறுமி, வேலு நாயர் நாடகக் கம்பெனியில் சேர்ந்து பாலபார்ட் வேஷம் போட்டார். பின்பு ஸ்திரீபார்ட்டில் பெயர் பெற்றார். 1926-இல் இலங்கையில் செங்கோட்டை கிட்டப்பாவைச் சந்தித்தார். கிட்டப்பாவின் சுருதியோ ஆண் பிள்ளைகளுக்கு எட்டாத உயரம்; அதற்கு ஈடு கொடுக்கும் வள்ளி கிடைத்ததும் நாடக உலகமே இவ்விருவர் பின்னால் ஓடிற்று. 1927-இல் விவாகம் நடந்தது. கிட்டப்பாவுக்கு முன்பே ஒரு மனைவி உண்டு. மேடையில் இருந்த இசைவு வாழ்வில் இல்லை. மனஸ்தாபமும் பிரிவும் நேர்ந்தன. 1933 டிசம்பர் 2-ஆம் தேதி, 28 வயது நிரம்புமுன்பே கிட்டப்பா காலமானார். சுந்தராம்பாளுக்கு அப்போது வயது 25.

பாடகியின் தொழில் இளமையிலேயே முறிவது பிற நாடுகளிலும் உண்டு. பாரிஸ் நகரத்தில் ‘ஆபரா’ என்னும் சங்கீத நாடக மேடையில் 1832-இல், தமது 18-ஆம் வயதில் தோன்றிப் புகழ் கொண்டவர் கார்னெலி ஃபால்கன். 1837-இல் ஒருநாள் நாடகத்தின் நடுவே அவர் குரல் அறவே நின்றுவிட்டது. மீண்டும் அது சரிப்படவேயில்லை. அதன் பிறகு 1897 வரை உயிரோடிருந்தார்! அவருடைய வகைச் சாரீரத்துக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது. ஃபால்கனுக்குக் குரல் போயிற்று. நம்மவருக்குக் குரல் இருந்தது. ஆனால் கைம்பெண்ணை மூலையில் உட்காரச் சொல்லும் வழக்கமும் இருந்தது.

சுந்தராம்பாள் வெண்புடவை தரித்தார். எந்த ஆடவருக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று விரதம் பூண்டார். ஆனால் மூலையில் உட்காரவில்லை. ‘நந்தனார்’ படத்துக்கு அசந்தாஸ் என்பவர் அழைத்தபோது, தட்டிக் கழிக்கவே ஒரு லட்சம் ரூபாய் கேட்டார் என்பார்கள். அவரோ சம்மதித்துவிட்டார்! மாதம் 30 ரூபாய் பெறும் உபாத்தியாயர் ஒருவர் 277 ஆண்டுகள் உழைத்தாலும் அத்தொகை முழுதாகச் சேராது. 1935-இல் வெளியான அப்படத்தில் இவர் நந்தனாராகவே, ஆண் வேஷத்தில் நடித்தார். வேதியராக வந்தவர் மகாராஜபுரம் விசுவநாதய்யர்.

அதன் பின் ஏற்ற வேஷங்களைக் கவனியுங்கள். 1940-இல் துறவு பூண்ட மணிமேகலை. 1953-இல் ஜெமினியின் ஔவையார். 1964-இல் ‘பூம்புகார்’ படத்தில் கவுந்தியடிகள். கதாநாயகனுக்குக் காதலி என்று ஒன்றுகூட இல்லை. ஒதுங்கு என்று சொல்லும் வெண்புடவையையே தம் வேஷமாக்கிக்கொண்டார். விரதம் அவர் தொழிலைக் குறுக்கிற்று என்று சிலர் இரங்குவதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மரத்தைச் சுற்றி ஓடும் நாயகிகள் எத்தனை பேர் ஐம்பது வயதுக்கு மேல் படத்தின் நடுநாயகமாக நின்றார்கள்?

சத்தியமூர்த்தியின் தூண்டுதலால் காங்கிரஸ் மேடைகளிலும் அவர் குரல் முழங்கிற்று. பிரசங்கத்துக்கு வராத கிராமத்தார் பாட்டுக்கு வந்தார்கள். சுதந்திரத்துக்குப் பின் சென்னைச் சட்ட மேல்சபையிலும் அங்கம் வகித்தார்.

‘துணைவன்’ படத்தில் பாடியதற்காக, பின்னணிப் பாடகிக்கான 1969-ஆம் ஆண்டின் தேசிய விருது கிடைத்தது. மறு வருஷம் பத்மஸ்ரீ. அந்நாளில் மைக் வாய்க்கு நேரே இருந்தும், அவர் பாட்டு பழைய கொட்டகையின் கடைசி வரிசையை நோக்கியே போயிற்று. 1973-இல், ஏறக்குறைய 65 வயதில், கணவன் பிரிந்தபின் இளமையை உதறிப் பேயுருக்கொண்ட காரைக்கால் அம்மையாராகத் திரையில் தோன்றினார். 1980-இல் காலமாகும் வரையில் அந்த வெண்புடவையை மாற்றவில்லை.