நாலு புளியங்கொட்டை, ஒரு கதை!

தாயம், பரமபதம் ஆடியிருப்பீர்கள். அவற்றில் காய்கள்தான் நகரும். நீங்களே கதைக்குள் போய் வரும் விளையாட்டு ஒன்று உண்டு, தெரியுமா?

1974-ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்ற விளையாட்டை உருவாக்கினார்கள். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, 'நான் இதைச் செய்கிறேன்' என்பார்கள். அது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். அதற்குத் தடித்தடியான விதிப் புத்தகங்கள் உண்டு. மாதக்கணக்கில் ஆடுவோரும் உண்டு. நமக்கு ஒரு மணி நேரமும் ஒரே ஒரு விதியும் போதும்!

என்ன வேண்டும்?

ஐந்து பேர், நான்கு புளியங்கொட்டைகள். ஒவ்வொரு கொட்டையையும் ஒரு பக்கம் மட்டும் கல்லில் உரசி வெள்ளையாக்குங்கள்.

கதை என்ன?

தென்காசி அருகே, மலையடிவாரத்தில் இருக்கிறது வடகரை. அங்கே காட்டு யானைகள் தோட்டங்களுக்குள் வருவது உண்டு. நம் கதையில், தாய் யானையும் குட்டியும் வாழைத் தோட்டத்தில் நிற்கின்றன. விடிவதற்குள் இரண்டும் காடு திரும்ப வேண்டும். யானைக்கும் மனிதருக்கும் அடிபடக் கூடாது. தோட்டக்கார அண்ணாச்சி, வனக் காவலர், வழி தெரிந்த பாட்டி, டார்ச் வைத்திருக்கும் சிறுமி என நால்வரும் பாத்திரம் எடுங்கள். ஐந்தாமவர் கதைசொல்லி.

விதி என்ன?

ஆபத்தான செயலுக்கு மட்டும் கொட்டைகளை உருட்டுங்கள். மூன்று, நான்கு வெள்ளை விழுந்தால் நினைத்தது நடக்கும். இரண்டு விழுந்தால் நடக்கும், கூடவே ஒரு தொல்லையும் வரும். ஒன்றோ, ஒன்றுமே இல்லையோ என்றால் நடக்காது.

இதில் கணக்கும் இருக்கிறது! நான்கு கொட்டைகள் 16 விதமாக விழலாம். வெற்றிக்கு 5, தொல்லையோடு வெற்றிக்கு 6, தோல்விக்கு 5. எழுதிச் சரிபாருங்கள்.

கதைசொல்லிக்கு...

தோல்வி வந்தாலும் கதை நிற்கக் கூடாது. இதுதான் முக்கியம். அண்ணாச்சி வேலிக் கதவைத் திறக்கிறார். விழுந்தது ஒரு வெள்ளை. 'திறக்கவில்லை' என்று முடித்துவிடாதீர்கள். 'கதவு கிரீச்சிட்டது! தாய் யானை திரும்பிப் பார்க்கிறது. இப்போது என்ன செய்வீர்கள்?' என்று கேளுங்கள். தோற்றவருக்கும் அடுத்த வழி பிறக்கும்.

நீங்கள் அவர்களுக்கு எதிரி அல்ல. முடிவை முன்பே தீர்மானிக்காதீர்கள். பேசாமல் இருக்கும் நண்பரிடம், 'பாட்டி, உங்களுக்கு என்ன தோன்றுகிறது?' என்று கேளுங்கள். கூச்சப்படும் பிள்ளைக்கும் பாட்டியின் வாயால் பேசத் துணிவு வரும். யார் சொன்னதையும் கேலி செய்யாதீர்கள். முக்கால் மணி ஆனதும், 'கிழக்கு வெளுக்கிறது' என்று சொல்லிக் கதையை முடிவுக்குக் கொண்டுவாருங்கள்.

ஒரு எச்சரிக்கை: இது திண்ணை விளையாட்டு! நிஜ யானையைக் கண்டால் விலகிச் சென்று, பெரியவர்கள் மூலம் வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

குட்டி காடு சேர்ந்ததா, இல்லையா? வரும் ஞாயிற்றுக்கிழமை நீங்களே ஆடித் தெரிந்துகொள்ளுங்கள். அடுத்த வாரம் கதைசொல்லியை மாற்ற மறக்காதீர்கள்!